சேணமும் சமத்துவமும்: லிஸ் ஹார்டெல் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

விளையாட்டின் வரலாறு எமது ஆய்வுலகிற் போதிய கவனத்தைப் பெற்றதில்லை. அரசியலிலும் பொருளாதாரத்திலும் இலக்கியத்திலும் சமூக முரண்பாடுகள் எவ்வாறு வெளிப்படுகின்றன என ஆராயும் நாம், மைதானத்தையும் பந்தயத் திடலையும் வெறும் பொழுதுபோக்கின் பாற்பட்டவை என ஒதுக்கிவிடுகின்றோம். ஆயினும், யார் விளையாடலாம், யார் விளையாடலாகாது என வரையறுக்கும் விதிகள், ஒரு சமூகத்தின் அதிகார அமைப்பை ஒளிவுமறைவின்றிக் காட்டுவன. குதிரையேற்றம் இதற்குத் தக்க உதாரணமாகும். குடியேற்ற ஆட்சிக் காலத்திலே குதிரை துரைமாரின் வாகனமாகவே எமது மக்களின் நினைவிற் பதிந்துள்ளது. அத்தகைய ஒரு விளையாட்டைப் பற்றி முற்போக்கு நோக்குடைய வாசகர் அக்கறை கொள்ள வேண்டுவது ஏன் என்னும் வினா எழுதல் இயல்பே. அவ்வினாவுக்கு விடை தேடும் முகமாகவே, டென்மார்க் நாட்டைச் சேர்ந்த குதிரைவீராங்கனையும், குதிரையேற்றத்தைச் சிகிச்சைக் கலையாக்கிய முன்னோடிகளுள் ஒருவருமான லிஸ் ஹார்டெலின் (1921–2009) வாழ்க்கையை இக்கட்டுரையில் நோக்குகின்றோம்.

ஹார்டெலின் கதை பொதுவாகக் கூறப்படும் முறை யாவரும் அறிந்ததே. இளம்பிள்ளை வாதத்தினாற் கால்கள் செயலிழந்த ஒரு பெண், தளராத மனவுறுதியால் மீண்டும் குதிரையேறி, 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக் விழாவில் வெள்ளிப்பதக்கம் வென்றார் என்பதே அக்கதை. இது பொய்யன்று, ஆனால் முழு உண்மையுமன்று. மனவுறுதி ஒன்றே அனைத்தையும் சாதிக்கும் எனக் கூறும்போது, ஒருவரின் முன்னே அடைக்கப்பட்டிருந்த கதவுகளை அடைத்தவர் யார், அவற்றைத் திறந்த சக்திகள் எவை என்னும் வினாக்கள் மறைந்துவிடுகின்றன. ஹார்டெலின் முன்னே மூன்று கதவுகள் அடைபட்டிருந்தன. ஒன்று பதவியின் கதவு. மற்றொன்று பால் வேற்றுமையின் கதவு. மூன்றாவது, உடற்குறை பற்றிய சமூகக் கருத்தின் கதவு. இம்மூன்றையும் தனித்தனியே ஆராய்ந்தாலன்றி அவரது சாதனையின் கனத்தை நாம் உணர முடியாது.

முதலிற் பதவியின் கதவை நோக்குவோம். ஹார்டெல் பங்குபற்றிய போட்டி ‘டிரெசாஜ்’ எனப்படும். இது வேகத்தையோ தாண்டும் உயரத்தையோ அளக்கும் பந்தயமன்று. வரையறுக்கப்பட்ட ஒரு திடலிலே, குதிரையைக் குறித்த ஒழுங்கிற் பல்வேறு நடைகளில் நடத்திக் காட்டுவதே இதன் இயல்பு. திடீரென நிற்றல், பக்கவாட்டில் நகர்தல், நின்ற இடத்திலேயே கால்களை மாறி மாறித் தூக்கி வைத்தல் முதலியன இதிலடங்கும். ஏறியிருப்பவர் கொடுக்கும் குறிப்பு பார்ப்போர் கண்ணுக்குப் புலனாகாதிருத்தலே இக்கலையின் உச்சம். ஐரோப்பிய அரசவைகளிலும் குதிரைப்படைப் பயிற்சிக்கூடங்களிலும் வளர்ந்த இக்கலை, போர்க்குதிரையைப் பணியவைக்கும் தேவையிலிருந்து செழித்தது. ஆகவே, 1912ஆம் ஆண்டு ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக் விழாவில் இது சேர்க்கப்பட்டபோது, இராணுவ அதிகாரிகளின் தனியுரிமையாகவே அது கருதப்பட்டதில் வியப்பில்லை. 1948 வரை, ஆணைபெற்ற அதிகாரிகளும் ‘கனவான்கள்’ எனக் கொள்ளப்பட்ட ஆடவருமே ஒலிம்பிக் குதிரையேற்றத்திற் பங்குபற்றலாம் என்ற நிலை நீடித்தது. படையிற் சாதாரண வீரராக இருந்தவருக்கோ, குதிரைகளைப் பராமரித்துப் பழக்கிய தொழிலாளருக்கோ அங்கு இடமிருக்கவில்லை. பெண்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்விதியின் வர்க்கத் தன்மையை 1948ஆம் ஆண்டு இலண்டனில் நிகழ்ந்த ஒரு சம்பவம் தெளிவாக உணர்த்துகின்றது. அவ்வாண்டு டிரெசாஜ் குழுப் போட்டியிற் சுவீடன் முதலிடம் பெற்றது. அக்குழுவின் மூவருள் ஒருவரான கேனல் பெர்சன் உண்மையிற் சார்ஜன்ட் தரத்தைச் சேர்ந்தவர். அவரைப் போட்டிக்குத் தகுதியுடையவராக்கும் பொருட்டு, விழாவுக்குச் சில வாரங்களின் முன்னர் லெப்டினன்டாகப் பதவி உயர்த்தினர். விழா முடிந்ததும் பழைய தரத்திற்கே இறக்கினர். இது வெளிப்பட்டதும் 1949இற் சுவீடன் குழுவின் தங்கப்பதக்கம் பறிக்கப்பட்டுப் பிரான்சுக்கு வழங்கப்பட்டது. பெர்சன் குதிரையைச் செலுத்திய திறனில் எவரும் குறை காணவில்லை. தோளிலே அணிந்த சின்னம் தற்காலிகமானது என்பதே குற்றம். விளையாட்டுத் திறன் என்பது பிறப்பாலும் பதவியாலும் வருவதென எண்ணிய ஓர் உலகின் கடைசிப் பிடிவாதமாக இதனைக் கொள்ளலாம்.

அந்தப் பிடிவாதம் நிலைக்கவில்லை. அதற்குக் காரணம் தாராள மனப்பான்மை மாத்திரமன்று. இரண்டு உலக மகாயுத்தங்களின் போக்கிற் குதிரைப்படை தன் போர்ப் பயனை இழந்துவிட்டது. அதன் இடத்தைத் தாங்கிகளும் மோட்டார் வாகனங்களும் பிடித்துக்கொண்டன. குதிரைப்படை கலைக்கப்பட்ட பின், குதிரைப்படை அதிகாரிகளை மாத்திரம் நம்பி ஒரு விளையாட்டை நடத்த முடியாதென்பது வெளிப்படை. உற்பத்தி முறையிலும் போர் முறையிலும் ஏற்பட்ட மாற்றம் விளையாட்டு விதியையும் மாற்றியது. 1952 முதல் டிரெசாஜ் போட்டி தரவேறுபாடின்றி இராணுவத்தினருக்கும் குடிமக்களுக்கும், ஆண் பெண் இருபாலாருக்கும் திறந்துவிடப்பட்டது. குதிரை தாண்டற் போட்டியிற் பெண்கள் பங்குபற்ற 1956 வரையும், மும்முனைக் குதிரையேற்றப் போட்டியிற் பங்குபற்ற 1964 வரையும் காத்திருக்க வேண்டியிருந்தது என்பதும் மனங்கொள்ளத்தக்கது. கதவு ஒரே நாளில் முழுமையாகத் திறக்கவில்லை. சிறிது சிறிதாகவே திறந்தது.

இக்கதவு திறப்பதற்கு முன்னரே ஹார்டெல் அதன் வாயிலை அடைந்திருந்தார். 1921 மார்ச் 14இல் கோப்பன்ஹேகன் நகரை அடுத்த ஹெலரப் என்னுமிடத்திற் பிறந்த அவர், இளமையிலேயே குதிரையேற்றம் பயின்றார். 1943, 1944 ஆகிய ஆண்டுகளில் டென்மார்க்கின் டிரெசாஜ் வெற்றியாளராகத் திகழ்ந்தார். அப்போது அந்நாடு நாசி ஜேர்மனியின் ஆக்கிரமிப்பின்கீழ் இருந்தது. 1944 செப்டெம்பரில் இளம்பிள்ளை வாதம் அவரைத் தாக்கியது. அவருக்கு அப்போது வயது 23. இரண்டாவது குழந்தையை வயிற்றிற் சுமந்துகொண்டிருந்தார். கால்களும் கைகளும் செயலிழந்தன. குழந்தை நலமாகப் பிறந்தது. தாய் மாத்திரம் குழந்தையைப்போல மீண்டும் தவழக் கற்றுக்கொள்ள வேண்டியவரானார். முதலிற் கையை உயர்த்தவும், பின்னர் தொடைத் தசைகளை அசைக்கவும், தொடர்ந்து தவழவும் பயின்று, ஏறத்தாழ எட்டு மாதங்களின் பின் ஊன்றுகோல்களின் துணையுடன் நடக்கலானார். முழங்காலுக்குக் கீழே உணர்வும் இயக்கமும் மீளவே இல்லை. கைகளிலும் பலவீனம் எஞ்சியது. ஊன்றுகோலுடன் நடப்பதே அவர் அடையக்கூடிய எல்லை என வைத்தியர்கள் கருதினர்.

அந்த எல்லையை அவர் ஏற்கவில்லை. மற்றவர்கள் தூக்கி ஏற்றிவிட, மீண்டும் குதிரைமேல் அமர்ந்தார். இவ்விடத்தில் அவர் எதிர்நோக்கிய சிக்கலின் தன்மையை விளங்கிக்கொள்வது அவசியம். குதிரையேற்றத்தில் ஏறியிருப்பவர் குதிரையுடன் உரையாடும் வழிகள் பல. கடிவாள வாரைப் பிடிக்கும் கை ஒன்று. குதிரையின் விலாவில் அழுத்தும் கீழ்க்கால் மற்றொன்று. அமர்ந்திருக்கும் இடுப்பும் முதுகும் இன்னொன்று. இவற்றுட் கீழ்க்காலின் அழுத்தமே மரபான பயிற்சி முறைகளில் முதன்மை பெறுவது. முன்னே செல், வேகத்தைக் கூட்டு, பக்கவாட்டில் நகர் எனும் கட்டளைகள் யாவும் பெரும்பாலும் காலின் வழியாகவே பிறக்கும். ஹார்டெலிடம் அக்கால் இல்லை. எனவே, உடலின் எடையை இடம் மாற்றுவதாலும் முதுகின் நுண்ணிய அசைவாலும் அத்தனை கட்டளைகளையும் தெரிவிக்கும் ஒரு புதிய மொழியை அவர் உருவாக்க வேண்டியிருந்தது. அம்மொழியைக் குதிரையும் கற்கவேண்டியிருந்தது. ஜுபிலி என்னும் பெட்டைக் குதிரை அதனைக் கற்றது. டென்மார்க்கின் புகழ்பெற்ற பயிற்றுநர் குன்னர் அண்டர்சனின் வழிகாட்டல் இதில் அவருக்குத் துணையாயிற்று.

இங்கு ஒரு முரணை நாம் காண்கின்றோம். கண்ணுக்குத் தெரியாத குறிப்பாற் குதிரையை இயக்குவதே டிரெசாஜ் கலையின் இலட்சியம் என முன்னர்க் குறிப்பிட்டோம். உறுதியான கால்களையுடைய அதிகாரிகள் பல்லாண்டு முயன்று அடைய விரும்பிய அந்த நுட்பத்தை, கால்கள் இயங்காமையாலேயே ஹார்டெல் அடைய நேர்ந்தது. குறையெனக் கருதப்பட்டது, கலையின் உள்ளியல்பை அறியும் வாயிலாக மாறியது. இதனைக் குறைபாட்டைப் போற்றும் கூற்றாகக் கொள்ளலாகாது, துன்பம் துன்பமே. ஆயினும், அறிவு எப்போதும் முழுமையெனப்படும் உடல்களிலிருந்தே பிறக்கும் என்னும் எண்ணத்தை அவரது அனுபவம் மறுக்கின்றது என்பதை வலியுறுத்த வேண்டும்.

1947இல் ஸ்கண்டிநேவியச் சாம்பியன் போட்டியில் அவர் இரண்டாமிடம் பெற்றார். ஐந்து ஆண்டுகளின் பின்னர் ஹெல்சிங்கி விழா வந்தது. தனிநபர் டிரெசாஜ் போட்டியிற் பங்குபற்றிய 24 பேருள் நால்வர் பெண்கள். சுவீடன் நாட்டு அதிகாரி ஹென்றி செயின்ட் சிர் 561 புள்ளிகளுடன் தங்கப்பதக்கம் பெற்றார். ஹார்டெல் 541.5 புள்ளிகளுடன் வெள்ளிப்பதக்கத்தை வென்றார். 541 புள்ளிகள் பெற்ற பிரெஞ்சு அதிகாரி அன்ட்ரே ஜூஸோம் மூன்றாமிடத்தை அடைந்தார். அரைப் புள்ளியே இடைவெளி. எனினும், நான்கு ஆண்டுகளின் முன்னர் அத்திடலில் நுழையவே உரிமையற்றிருந்த ஒருவர், அதிகாரிகள் இருவரின் நடுவே நின்றார் என்பதே வரலாற்று முக்கியத்துவமுடையது. ஒலிம்பிக் குதிரையேற்றத்திற் தனிநபர் பதக்கம் வென்ற முதற் பெண் அவரே. பரிசளிப்பு வேளையிற் குதிரையிலிருந்து இறங்கி மேடையேற அவருக்குச் செயின்ட் சிர் துணைபுரிந்தார். அக்காட்சி உலகெங்கும் பேசப்பட்டது. ஆடவரின் பெருந்தன்மையைக் காட்டும் காட்சியாக அதனை வருணித்தோர் பலர். நாம் அதில் வேறொன்றையும் காண்கின்றோம். 1948இற் பதக்கம் பறிக்கப்பட்ட சுவீடன் குழுவில் இதே செயின்ட் சிரும் இருந்தார். ஹெல்சிங்கியில் அதே மூவர், பெர்சன் உட்பட, மீண்டும் ஒன்றாகக் களமிறங்கிக் குழுப் போட்டியிற் தங்கம் வென்றனர். சார்ஜன்டுக்குத் திறந்த அதே கதவின் வழியாகவே ஹார்டெலும் வந்தார். தர வேறுபாட்டின் வீழ்ச்சியும் பால் வேறுபாட்டின் வீழ்ச்சியும் ஒரே விதிமாற்றத்தில் இணைந்திருந்தன.

அந்த ஆண்டுக்கு மற்றொரு முகமுமுண்டு. ஹெல்சிங்கி விழா நடைபெற்ற 1952ஆம் ஆண்டு கோடையிலேயே கோப்பன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் பெருந்தொற்றாகப் பரவத் தொடங்கியது. தொற்றுநோயாளரை ஏற்ற பிளெக்டம் வைத்தியசாலையிற் சுவாசத் தசைகள் செயலிழந்த நிலையிற் சேர்க்கப்பட்ட முதல் 31 பேருள் 27 பேர் இறந்தனர். ஓகஸ்ட் மாத இறுதியில் மயக்கமருந்து நிபுணர் பியோன் இப்சன் என்பார், மூச்சுக்குழாயிற் துளையிட்டுக் குழாய் செலுத்தி, கையாற் பையை அழுத்திக் காற்றூட்டும் முறையைக் கையாண்டார். இயந்திரங்கள் போதாத அந்நிலையில், ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறைவைத்து நோயாளரின் அருகிலிருந்து இரவும் பகலும் பையை அழுத்தினர். இறப்பு வீதம் பெருமளவிற் குறைந்தது. நவீன தீவிர சிகிச்சைப் பிரிவின் தோற்றமாக மருத்துவ வரலாற்றாசிரியர் இதனைக் குறிப்பிடுவர். ஒரு பெண்ணின் தனிப்பட்ட வெற்றியை உலகம் கொண்டாடிய அதே வேளையில், அவரது நகரிலே பெயரறியா மாணவர்களின் கூட்டுழைப்பே உயிர்களைக் காத்துக்கொண்டிருந்தது. ஹார்டெலின் வெற்றியை இக்கூட்டு வரலாற்றிலிருந்து பிரித்து நோக்குவது பொருந்தாது. 1955இற் சால்க் தடுப்பூசி வெளிவந்ததும் டென்மார்க் விரைந்து அதனை நடைமுறைப்படுத்தியது. உயிர் பிழைத்தோரின் தொகை பெருகியதாலேயே, பிழைத்தபின் எவ்வாறு வாழ்வது என்னும் வினாவும் கூர்மை பெற்றது. அவ்வினாவுக்கான விடைகளுள் ஒன்றை ஹார்டெல் தம் உடலாலேயே அளித்திருந்தார்.

1956ஆம் ஆண்டு ஒலிம்பிக் விழா மெல்பேணில் நடைபெற்றபோதிலும், அவுஸ்திரேலியாவின் கால்நடைத் தடைகாப்பு விதிகள் காரணமாகக் குதிரையேற்றப் போட்டிகள் ஸ்டொக்ஹோமில் நிகழ்ந்தன. அங்கும் செயின்ட் சிர் முதலிடத்தையும், ஜுபிலியுடன் வந்த ஹார்டெல் இரண்டாமிடத்தையும் பெற்றனர். இம்முறை மூன்றாமிடமும் ஒரு பெண்ணுக்கே உரியதாயிற்று. ஜேர்மனியின் லிசெலொட் லின்சன்ஹோவ் என்னும் அவரே, 1972இல் மியூனிச்சில் இப்போட்டியின் தனிநபர் தங்கப்பதக்கத்தை வென்ற முதற் பெண்ணானார். அவ்வேளை வெள்ளிப்பதக்கம் பெற்றவர் சோவியத் ஒன்றியத்தின் எலேனா பெத்துஷ்கோவா. இவர் மொஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்து உயிரியல் ஆய்வாளர். 1988 முதல் 2024 வரை நடைபெற்ற ஒவ்வோர் ஒலிம்பிக் விழாவிலும் தனிநபர் டிரெசாஜ் தங்கம் பெண்களுக்கே கிட்டியது. உடல் வலிமை காரணமாகவே பெண்கள் விலக்கப்பட்டனர் என்னும் வாதம் எத்துணைப் பொய்யானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பதக்கங்களோடு ஹார்டெலின் வரலாறு முடிந்திருப்பின், அவர் புகழ்பெற்ற வீராங்கனையருள் ஒருவராக மாத்திரம் நினைக்கப்பட்டிருப்பார். அவரை முன்னோடி ஆசானாக நாம் கருதுவதற்குக் காரணம் வேறு. போட்டியிலிருந்து விலகிய பின்னரும் அவர் குதிரையேற்றத்தைச் செய்துகாட்டி, இளம்பிள்ளை வாதத்தால் பாதிக்கப்பட்டோருக்காக நிதி திரட்டினார். குதிரையேற்றம் சிகிச்சையாகப் பயன்படத்தக்கது என்பதை எடுத்துரைத்தார். அவரது அனுபவத்தின் தூண்டுதலால் 1950களில் ஸ்கண்டிநேவிய நாடுகளில் இயன்மருத்துவர்கள் இதனை முறையாக ஆராயத் தலைப்பட்டனர். நோர்வேயில் எல்செபெத் பெட்கர், டென்மார்க்கில் உல்லா ஹார்பெத் ஆகியோர் இவர்களுட் குறிப்பிடத்தக்கவர். ஒல்லாந்திலே ஹார்டெலின் பெயராலேயே இத்தகைய பயிற்சிக்கான நிறுவனம் தோன்றியது.

இச்சிகிச்சையின் அடிப்படை எளிது. குதிரை நடக்கும்போது அதன் முதுகு மேலும் கீழும், இடமும் வலமும், முன்னும் பின்னுமாக ஒழுங்கான தாளத்தில் அசைகின்றது. அதன்மீது அமர்ந்திருப்பவரின் இடுப்பு, மனிதர் நடக்கும்போது அசைவதை ஒத்த முறையில் அசைகின்றது. கால்கள் நடவாதபோதும் உடலின் நடுப்பகுதி நடையை உணர்கின்றது. சமநிலை குலையாதிருக்க முதுகும் வயிறும் இடைவிடாது தம்மைத் திருத்திக்கொள்வதால், அத்தசைகள் வலுவடைகின்றன. சக்கர நாற்காலியில் அமர்ந்து மற்றவர்களை அண்ணாந்தே பார்த்துப் பழகிய ஒரு குழந்தை, குதிரைமேலிருந்து பிறரைக் கீழ்நோக்கிப் பார்க்கும் அனுபவமும் அற்பமானதன்று. ஹார்டெல் தனக்காகக் கண்டறிந்த எடைமாற்றத்தின் மொழி, இவ்வாறு பிறருக்குக் கற்பிக்கக்கூடிய ஒரு முறையாக வளர்ந்தது. தனிமனித அனுபவம் பொது அறிவாக மாறும் இடத்திலேதான் ஆசான் பிறக்கின்றார்.

இவ்வியக்கம் விரைவிற் பரவியது. 1969இற் பிரித்தானியாவில் ஊனமுற்றோர் குதிரையேற்றச் சங்கம் நிறுவப்பட்டது. அதே ஆண்டில் வட அமெரிக்காவிலும் இத்தகைய சங்கம் தோன்றியது. 1996இல் அட்லாண்டாவிற் பராலிம்பிக் விழாவிற் குதிரையேற்றம் இடம்பெற்றது. ஹார்டெல் 2009 பெப்ரவரி 12இல் மறைந்தபோது, அவரைப் போன்றோருக்கான போட்டியரங்கு உலக அளவில் நிலைபெற்றிருந்தது. போர்க்களத்திற் கொல்லும் தொழிலுக்காக வளர்க்கப்பட்ட ஒரு கலை, ஒரு நூற்றாண்டுக்குள் குணமாக்கும் கலையாக உருமாறியது. அந்த மாற்றத்தின் திருப்புமுனையிற் நின்றவர் ஹார்டெல் எனிற் மிகையாகாது.

இருப்பினும், போற்றுதல் ஆய்வாகிவிடாது. சில வரையறைகளையும் நாம் சுட்டவேண்டும். குதிரை வளர்ப்பதும் பயிற்றுநரை அமர்த்துவதும் பெருஞ்செலவுள்ளவை. நோயுற்ற ஒருவர் ஆண்டுக்கணக்கிற் பயிற்சிபெறக் குடும்பத்தின் ஆதரவும் ஓய்வும் பொருள்வசதியும் வேண்டும். அதே நோயாற் கோப்பன்ஹேகனின் தொழிலாளர் குடியிருப்புகளில் முடங்கிய பெண்களுக்கு இவை எளிதிற் கிட்டியிரா. பதவியின் கதவு திறந்தபின்பும் பணத்தின் கதவு பெருமளவு அடைபட்டே இருந்தது, இன்றும் இருக்கின்றது. மேலும், ஹார்டெல் உடற்குறையற்றோருடன் ஒரே திடலிற் போட்டியிட்டு வென்றவர். உடற்குறையுடையோருக்கெனத் தனி அரங்கு அமைந்தமை பலருக்கு வாய்ப்பளித்தது. எனினும், பொது அரங்கிலேயே அவர்களுக்கு இடமுண்டு என ஹார்டெல் நிறுவிய உண்மை அதனால் மறக்கப்படலாகாது. மனவுறுதியின் சின்னமாக அவரைத் தூக்கி நிறுத்தும் எழுத்துகள், வெல்ல முடியாதோரை மறைமுகமாகக் குற்றஞ்சாட்டும் அபாயத்தையும் உடையன. மனவுறுதி இல்லாமையால் எவரும் முடங்குவதில்லை; படிக்கட்டுகளும் விதிகளும் வறுமையுமே பெரும்பாலோரை முடக்குகின்றன.

எனவே, ஹார்டெலின் வாழ்க்கையை நாம் மதிப்பிட வேண்டிய அளவுகோல் அவர் அணிந்த பதக்கமன்று. அவர் கடந்த கதவு அவருக்குப் பின்னே எவ்வளவு அகலத் திறந்தது என்பதே அளவுகோல். அதிகாரியின் சின்னமின்றிச் சார்ஜன்ட் வந்தார், பெண் வந்தார், ஊன்றுகோலுடன் வந்தவரும் குதிரையேறினார், அவரைத் தொடர்ந்து பல நாட்டுக் குழந்தைகள் சேணத்தில் அமர்ந்தனர். ஒவ்வொரு முறையும் கலையின் தரம் தாழ்ந்துவிடும் என அஞ்சியோர் இருந்தனர். ஒவ்வொரு முறையும் கலை வளர்ந்தது. எத்துறையிலாயினும், தகுதி என்னும் பெயராற் தடைவிதிக்கும் விதிகளை நாம் எதிர்நோக்கும்போது, அவ்விதி காப்பது தகுதியையா, அன்றித் தகுதியுடையோரெனத் தம்மைக் கூறிக்கொள்வோரின் இடத்தையா என வினவுதல் வேண்டும். ஹெல்சிங்கித் திடலில் இயங்காத கால்களுடன் அமர்ந்திருந்த அப்பெண், அவ்வினாவை ஒரு சொல்லும் பேசாது எழுப்பினார். அதனாலேயே குதிரையேற்ற வரலாற்றுக்கு அப்பாலும் அவர் எமது மதிப்புக்குரியவராகின்றார்.